கிருமியின் பரவலும் பெண்மேல் விழும் பழியும்

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 16 வயது முதல் 59 வயது வரையுள்ள மணமான பெண்களைப் பட்சபாதமின்றித் தெரிந்தெடுத்து, அவர்களில் 1,891 பேருடைய கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த உயிரணுக்களைச் சோதித்து, ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்றும் சுருக்கமாக ஹெச்.பி.வி. என்றும் வழங்கும் கிருமி எத்தனை பேரிடம் தங்கியிருக்கிறது என்று கணக்கிட்ட ஆராய்ச்சி ஒன்று 2005-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையத்தாரும் சேர்ந்து செய்த அந்த ஆராய்ச்சியில், நூற்றுக்கு ஏறக்குறையப் பதினேழு பெண்களிடம், நுட்பமாகச் சொன்னால் 16.9 சதவிகிதத்தினரிடம், கிருமி காணப்பட்டது. இந்த எண்ணைக் காட்டிலும் சிந்தனைக்குரியவை, இதற்குக் காரணம் தேடியபோது கிடைத்த விடைகளும் கிடைக்காமற்போன விடையும் ஆகும். கல்வியறிவு சிறிதும் இல்லாதவர்களோடு ஒப்பிட, உயர்நிலைப் பள்ளிவரை படித்த பெண்களிடம் தொற்றுக்குரிய வாய்ப்புக் குறைந்திருந்தது. விதவைகளிடமும் மணமுறிவு பெற்றவர்களிடமும் அது 1.7 மடங்காக உயர்ந்திருந்தது. மகப்பேறு வாய்க்காத பெண்களிடம் இரு மடங்காக இருந்தது. ஆனால் மணவாழ்வுக்குப் புறம்பான உறவு, அது பெண்ணுக்கு இருந்ததாகச் சொல்லப்பட்டாலும் கணவனுக்கு இருந்ததாகச் சொல்லப்பட்டாலும், தொற்றோடு எவ்விதச் சம்பந்தத்தையும் காட்டவில்லை. உடலுறவின் வழியாகவே பெரும்பாலும் பரவும் ஒரு கிருமியின் விஷயத்தில் இத்தகைய முடிவு எவ்வாறு வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியன்று. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் கண்டவள் என்று தெரிந்த மாத்திரத்தில், அப்பெண்ணின் நடத்தையைப் பற்றி உறவினரும் அண்டை அயலாரும், சில சமயங்களில் சிகிச்சை செய்ய வேண்டியவர்களுங்கூட, மனத்துக்குள் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்புக்கு அஞ்சியே எத்தனையோ பெண்கள் துர்நாற்றத்தோடு கூடிய வெள்ளைப்படுதலையும், மாதவிலக்கு நின்று வருஷங்கள் கழித்துத் தோன்றும் உதிரப்போக்கையும் வெளியே சொல்லாமல் சகித்துக்கொண்டு, நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிப் படியை மிதிக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் 1,27,000-க்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. 80,000-க்குச் சற்றுக் குறைவான பெண்கள் இதனால் மாண்டார்கள். தடுக்கத்தக்க ஒரு வியாதியினால் இத்தனை உயிர்கள் போவதற்குரிய காரணங்களுள் பழிச்சொல்லும் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆதலால் அந்தப் பழிக்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் உண்டா என்று பார்ப்பது அவசியமாகிறது.

கிருமியின் இயல்பை முதலில் சிறிது சொல்ல வேண்டும். ஹெச்.பி.வி. என்பது ஒரே கிருமியன்று. இருநூற்றுக்கு மேற்பட்ட வகைகளைக் கொண்ட பெரிய குடும்பம். அவற்றுள் பல, கையிலும் காலிலும் மருக்களை உண்டாக்குவதோடு நின்றுவிடுபவை. ஏறக்குறையப் பதினான்கு வகைகள் மட்டுமே புற்றுநோயை உண்டாக்கவல்லவை. அவற்றிலும் 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகள் உலகில் காணும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் எழுபது சதவிகிதத்துக்குக் காரணமாக இருக்கின்றன. இவ்விரண்டையும் 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் புற்றுநோய்த் திசுக்களிலிருந்து பிரித்தறிந்து காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் கிருமி புகுந்த உடல்களிலெல்லாம் புற்று விளைவதில்லை. உடலுறவு வாழ்க்கையைத் தொடங்கிய ஆண்களிலும் பெண்களிலும் மிகப் பெரும்பாலோர் தம் ஆயுளில் ஒருமுறையேனும் இக்கிருமிக்கு ஆட்படுகிறார்கள்; அத்தொற்றுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, எவ்வித அறிகுறியும் இன்றி, ஓரிரு வருஷங்களில் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியினாலேயே ஒடுங்கிவிடுகின்றன. ஒடுங்காமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் சிறுபகுதியே ஆபத்தானது. அதுவும் புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பதினைந்து இருபது வருஷங்கள் ஆகும். எனவே தொற்று என்பது வேறு, நிலைத்த தொற்று என்பது வேறு, நோய் என்பது வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதிலிருந்தே அநேகத் தவறுகள் பிறக்கின்றன.

பழியின் வரலாறு கிருமியின் வரலாற்றினும் பழையது. இத்தாலியில் வெரோனா நகரத்து மரணப் பதிவேடுகளை, 1760 முதல் 1839 வரையுள்ள காலத்துக்கு, ஒன்று விடாமல் படித்துக் கணக்கெடுத்த ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கன்னிமாடத்துத் துறவியரிடம் கர்ப்பப்பைப் புற்றுநோய் அரிதாகவும், மணமானவர்களிடமும் விதவைகளிடமும் மிகுதியாகவும் இருப்பதை 1842-இல் எடுத்துக்காட்டினார். வியாதிக்கும் தாம்பத்தியத்துக்கும் தொடர்புண்டு என்பதற்கு அது முதற் சான்று. ஆனால் அவர் கண்டது மணவாழ்க்கையின் தொடர்பையே அன்றி ஒழுக்கக்கேட்டின் தொடர்பை அன்று. பிற்காலத்தார் அதை இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பெண்ணின் உறவுகளை எண்ணும் வினாத்தாள்களாக மாற்றிவிட்டார்கள். எத்தனை பேருடன் பழகினாய், எந்த வயதில் தொடங்கினாய் என்ற கேள்விகள் பெரும்பாலும் பெண்ணிடமே கேட்கப்பட்டமையால், விடைகளும் பெண்ணைப் பற்றியே வந்தன.

இனி ஒப்புநோக்கின் முறையைப் பார்ப்போம். இரண்டு தேசங்களின் தொற்று விகிதங்களை அருகருகே வைக்க வேண்டுமானால், அவை ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளிடம் எடுத்த கணக்கையும் வீடு வீடாகச் சென்று தெரிந்தெடுத்த பெண்களிடம் எடுத்த கணக்கையும் ஒப்பிடுதல் தகாது. இருபது வயதினர் மிகுந்த கூட்டத்தையும் ஐம்பது வயதினர் மிகுந்த கூட்டத்தையும் வயதுத் திருத்தம் செய்யாமல் ஒப்பிடுதலும் தகாது. லியோன் நிறுவனம் 1990-களில் தொடங்கிப் பல நாடுகளில் நடத்திய பரவல் ஆய்வுகளின் மதிப்பு இவ்விடத்தில்தான் இருக்கிறது. எந்த நாடாயினும் நடைமுறை பெரும்பாலும் ஒன்றே. பெண் ஒருத்தி மறைப்புக்குப் பின்னால் மேசைமேல் படுக்கிறாள். செவிலியர் ஸ்பெகுலம் என்னும் கருவியின் உதவியால் கர்ப்பப்பை வாயை விளக்கொளியில் பார்த்து, சிறு தூரிகை ஒன்றை அதன்மேல் வைத்துச் சுழற்றி, தூரிகையின் மயிர்களில் ஒட்டிவரும் உயிரணுக்களை உப்புக்கரைசல் உள்ள குப்பியில் அலசி, மூடி, எண்ணிடுகிறார். அதன் பிறகு வயது, படிப்பு, மணமான வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவனின் பழக்கவழக்கங்கள் என்று நீளும் வினாக்களுக்குத் தனியறையில் விடை குறிக்கப்படுகிறது. குளிர்ப்பெட்டியில் பயணம் செய்யும் குப்பிகள், பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்கே போய்ச் சேர்ந்து, பி.சி.ஆர். முறையில் சோதிக்கப்பட்டன, அதாவது கிருமியின் மரபுப்பொருள் இருக்குமாயின் அதன் ஒரு துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கி, அதன் வகையையும் கண்டறிந்தார்கள்.

இவ்வாறு பதினொரு நாடுகளில் சேகரித்த முடிவுகளை ஒன்றுதிரட்டி, உயிரணுக்களில் எவ்விதக் கோளாறும் இல்லாத 15,613 பெண்களைப் பற்றிய ஒப்பீட்டை கேரி கிளிஃபர்ட் முதலானோர் 2005-இல் வெளியிட்டனர். வயதுத் திருத்தம் செய்தபின் ஸ்பெயினில் தொற்று 1.4 சதவிகிதம், நைஜீரியாவில் 25.6 சதவிகிதம். ஏறக்குறைய இருபது மடங்கு வித்தியாசம். ஐரோப்பாவில் தொற்றுக் கண்டவர்களிடம் 16-ஆம் வகை மேலோங்கியிருக்க, ஆப்பிரிக்காவில் பிற வகைகளின் பங்கு மிகுந்திருந்தது. பிற்பாடு மங்கோலியத் தலைநகரான உலான்பாத்தரில் 35 சதவிகிதம் என்று கண்டார்கள். கினி நாட்டுக் கொனாக்ரியில் பெண்களில் பாதிப் பேரிடமே கிருமி இருந்தது.

தேசத்துக்குத் தேசம் உள்ள வித்தியாசத்தை விட, ஒரே தேசத்துக்குள் காணும் வித்தியாசம் அதிகமாகக் கற்பிக்கிறது. வியத்நாமில் ஹோசிமின் நகரத்துப் பெண்களில் 10.9 சதவிகிதத்தினரிடமும் ஹனோய் நகரத்துப் பெண்களில் வெறும் 2 சதவிகிதத்தினரிடமும் தொற்று இருந்தது என்று 2003-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதற்கேற்பக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் தெற்கே பன்மடங்கு அதிகம். மொழி ஒன்று, உணவு பெரும்பாலும் ஒன்று, குடும்ப ஒழுக்கத்தைப் பற்றிய கருத்துக்களும் ஒன்று. நீண்ட யுத்தமும், படைவீரர்களின் நடமாட்டமும், அதை ஒட்டி வளர்ந்த விபசாரமும் தெற்கிலே கிருமியைப் பரப்பியிருக்கக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர் சிலர் கொண்ட ஊகம். இந்த ஆய்வில் தொற்றோடு மிகத் தெளிவாகத் தொடர்பு காட்டியவற்றுள் ஒன்று, இரண்டாம் வகை ஹெர்பிஸ் கிருமிக்கு எதிராக இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள். அதுவும் உடலுறவால் பரவும் கிருமியே. வினாத்தாளில் நாணத்தினால் மறைக்கப்படுவதை இரத்தம் மறைப்பதில்லை. அன்றியும் அந்த எதிர்ப்பொருள் பெண்ணின் நடத்தைக்கே சாட்சி என்று கொள்வதற்கில்லை. கணவன் கொண்டுவந்து சேர்த்ததற்கும் அதுவே சாட்சியாகும்.

ஒரு நாட்டின் எண் என்றைக்கும் மாறாத குணம் என்று எண்ணுவதும் பிழை. 1.4 சதவிகிதம் என்று பெயர்பெற்ற அதே ஸ்பெயினில், பிற்காலத்தில் 18 முதல் 65 வயது வரையுள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வொன்று 14.3 சதவிகிதம் என்று காட்டியது. 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் அது 28.8. இந்த உயர்வில் ஒரு பகுதி மேலும் நுட்பமான சோதனை முறையினால் வந்தது; தெரிந்தெடுத்த பெண்களும் முன்னவர்களைப் போன்றவர்களல்லர்; எஞ்சியது தலைமுறை மாற்றம். ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்துக் காணாமல், ஒரு சமூகத்தைத் தூயது என்றும் மற்றொன்றைக் கெட்டது என்றும் பேசுவோர் எண்ணைப் படிக்கத் தெரியாதவர்கள்.

வயதைப் பற்றிய ஒப்பீடு இன்னும் சுவையானது. ஐரோப்பிய நகரங்களில் தொற்று, இருபதுகளின் முற்பகுதியில் உச்சமடைந்து, முப்பதுக்குமேல் விரைவாகச் சரிந்துவிடுகிறது. புதிய உறவுகள் குறைவதும், சரீரம் பழைய தொற்றைக் களைந்துவிடுவதும் அதற்குக் காரணங்கள். லத்தீன் அமெரிக்காவின் சில பகுதிகளில் முதுமையை நெருங்கும்போது இரண்டாவது மேடு ஒன்று எழுகிறது. திண்டுக்கல்லிலோ, நைஜீரியாவின் இபாதானிலோ, உச்சமும் இல்லை, சரிவும் இல்லை: இருபது வயதுப் பெண்ணிடம் உள்ள அதே அளவு தொற்று ஐம்பது வயதுப் பெண்ணிடமும் இருக்கிறது. ஒருவனையே மணந்து அவனோடே வாழ்ந்து மூப்படைந்த கிராமத்துப் பெண்ணிடம் ஐம்பதாவது வயதில் இந்தக் கிருமி ஏன் இருக்க வேண்டும்? பழைய தொற்றை அவளுடைய உடல் களைய முடியாமல் போயிருக்கலாம். போஷாக்குக் குறைவும், பிற நோய்களும், ஓய்வில்லாத உழைப்பும் எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்துகின்றன. அல்லது கணவனிடமிருந்து அது மீண்டும் மீண்டும் வந்திருக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் இவ்விரண்டையுமே சுட்டுகிறார்கள். எதை ஏற்றாலும், அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைக் குறை கூறுவதற்கு அதில் இடமில்லை.

கணவர்களைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிதான் இந்த விஷயத்தில் பெரிய வெளிச்சத்தைத் தந்தது. கொலம்பியாவில் பிறந்த நூபியா முனோஸ் என்ற அம்மையாரும், ஸ்பானியரான சேவியர் போஷ் என்பவரும், புற்றுநோய் குறைந்த ஸ்பெயினையும் மிகுந்த கொலம்பியாவையும் எதிரெதிரே வைத்து, நோயுற்ற பெண்களின் கணவர்களையும் நோயற்ற பெண்களின் கணவர்களையும் சோதித்து, 1996-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்பெயினில் நோயுற்ற பெண்களின் கணவர்களில் 17.5 சதவிகிதத்தினரிடம் கிருமி இருந்தது. நோயற்றவர்களின் கணவர்களிடம் 3.5 சதவிகிதமே. கணவனுடைய உறவுகளின் எண்ணிக்கையும், அவன் விலைமாதரிடம் சென்ற வழக்கமும், மனைவிக்கு நோய் வரும் வாய்ப்பை அங்கே பன்மடங்கு உயர்த்தின. கொலம்பியாவில் இவ்விரு எண்களும் 25.7, 18.9 என்று நெருங்கி நின்றன. கணவனின் நடத்தை மனைவியின் நோயோடு எவ்விதத் தெளிவான தொடர்பையும் அங்கே காட்டவில்லை. அதனால் கொலம்பியக் கணவர்களுக்கு இதில் பொறுப்பில்லை என்று ஆகுமா? ஆகாது. ஆடவரிடையே கிருமி அத்தனை பரவலாகிவிட்ட சமூகத்தில், ஒருவனிலிருந்து மற்றொருவனை வேறுபடுத்திக் காட்டும் சக்தியை அந்தக் காரணம் இழந்துவிடுகிறது, அவ்வளவே.

இந்தத் தத்துவத்தை லண்டன் பேராசிரியர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் பொதுவாகவே நிலைநாட்டியிருக்கிறார்: ஒரு ஜனசமூகத்தில் எல்லோரும் ஒரே காரணத்துக்கு ஆட்பட்டிருக்கும்போது, அந்தச் சமூகத்துக்குள் மட்டும் நின்று ஆளுக்கு ஆள் ஒப்பிடுபவன் அக்காரணத்தை ஒருகாலும் காணமாட்டான். ஊரார் அனைவரும் ஒரே கிணற்று நீரைக் குடிக்கும்போது, பேதி கண்டவனைத் தனியே அழைத்து எந்தக் கிணற்றில் குடித்தாய் என்று கேட்பதால் பயனில்லை; அடுத்த ஊர்க் கிணற்றையும் சென்று பார்க்க வேண்டும். ஊர்களையும் தேசங்களையும் ஒப்பிடும் ஆராய்ச்சி இன்றியமையாததாவது இக்காரணத்தாலேயே.

இப்பொழுது திண்டுக்கல்லின் விடையை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். மணத்துக்குப் புறம்பான உறவு தொடர்பு காட்டவில்லை என்பதற்கு மூன்று விதமாகப் பொருள் கொள்ள முடியும். அத்தகைய உறவை ஒப்புக்கொண்டவர் மிகச் சிலராதலால் கணக்கு பலவீனப்பட்டிருக்கலாம்; உண்மையை மறைத்தவர் பலராக இருக்கலாம்; அல்லது, கொலம்பியாவைப் போலவே, காரணம் சமூகம் முழுவதும் பரந்து கிடப்பதால் தனியொருத்தியின் வாழ்க்கையில் அதைப் பிரித்துக் காண இயலாமற் போயிருக்கலாம். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆயினும், தொற்று வயதோடு சரியாமல் சமமாக நிற்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்றாவதே வலுவுடையதாகத் தோன்றுகிறது. கல்வியின் பயன் எழுத்தினால் வருவதன்று; படித்த பெண் பிந்தி மணக்கிறாள், அவளுடைய வீட்டில் வறுமை குறைவு, உடல்நலத்தில் கவனம் அதிகம், அவள் மணக்கும் ஆடவனும் பெரும்பாலும் வேறொரு வாழ்க்கை நிலையைச் சேர்ந்தவன். விதவையின் தொற்றுக்கோ, அவளை இளமையிலேயே தனியாக்கிச் சென்ற கணவனின் நோய் எது என்ற கேள்வியையும், அவளுக்குப் பின் நேர்ந்த வறுமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிள்ளைப்பேறு இல்லாத பெண்களிடம் தொற்று மிகுந்திருப்பதற்கு, உடலுறவால் பரவும் வேறு நோய்கள் கருக்குழாய்களை முன்னமே அடைத்துவிட்டிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. அப்படியாயின் மலடி என்ற ஏச்சையும் இந்தத் தொற்றையும் அவளுக்கு ஒருங்கே கொடுத்தது ஒரே மூலமாகவும் இருக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு முரண்பாடு உண்டு. தொற்று, பிள்ளை பெறாதவர்களிடம் அதிகம். புற்றுநோயோ, பல பிள்ளைகள் பெற்றவர்களிடம் அதிகம். தொற்றுள்ள பெண்களை மட்டும் எடுத்து ஒப்பிட்ட சர்வதேச ஆய்வில், ஏழும் அதற்கு மேலும் பிரசவித்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு, பிரசவிக்காதவர்களைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றே குறைவாக இருந்தது. கருத்தடை மாத்திரையை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உட்கொள்வதும், புகைப்பதும் அவ்வாறே வாய்ப்பை உயர்த்துகின்றன, ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு அது ஆறு மடங்காகிறது. தமிழகத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும்: சென்னைப் பெண்களிடம் செய்யப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வு, வெற்றிலை பாக்குப் போடும் வழக்கத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்று காட்டிற்று. கிருமியை உள்ளே வரவிடும் காரணங்கள் வேறு, வந்த கிருமியைப் புற்றாக மாற்றும் காரணங்கள் வேறு என்பது இதனால் தெளிவாகும். பின்னதில் அடங்கிய பல பிரசவங்கள், இளமை மணம் ஆகியவை, குடும்பத்தார் நிச்சயித்தபடியே வாழ்ந்த பெண்ணுக்கு நேர்வன; மனம்போனபடி வாழ்ந்தவளுக்கு நேர்வன அல்ல.

இவற்றையெல்லாம் அறிந்து செய்ய வேண்டியது என்ன என்பதற்கும் திண்டுக்கல்லே ஒரு விடை தந்திருக்கிறது. அம்மாவட்டத்தில் 114 ஊர்த்தொகுதிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் சோதித்தார்கள். முறை எளியது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கோளாறான இடம் வெண்திட்டாகத் தெரியும். தக்கவாறு இருந்தால் அதை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் செவிலியரே செய்துவிடலாம். ஒரே ஒரு முறை செய்த இந்தச் சோதனையால் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் நேரும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்தன என்று ரெங்கசாமி சங்கரநாராயணன் முதலானோர் 2007-இல் அறிவித்தார்கள். மகாராஷ்டிரத்து உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆராய்ச்சி, கிருமியையே தேடும் சோதனையின் மேன்மையைக் காட்டிற்று: சோதனையே இல்லாத பிரிவில் 64 பேர் இந்நோயால் இறக்க, கிருமிச் சோதனை நடந்த பிரிவில் 34 பேரே இறந்தார்கள், கிருமி இல்லையென்று தெரிந்த பெண்களில், எட்டாண்டுக் காலத்தில், ஒருவர்கூட இந்நோயால் இறக்கவில்லை. இந்த ஆராய்ச்சிகளில் ஒரு பிரிவினரைச் சோதிக்காமலே விட்டுவைத்தது நியாயமா என்ற கண்டனம் மருத்துவ உலகில் எழுந்தது. அந்தக் கண்டனத்தை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். அப்பெண்கள் கொடுத்த விலைக்கு ஈடு செய்ய நமக்கு எஞ்சியுள்ள வழி, கிடைத்த ஞானத்தை நாடெங்கும் செயலாக்குவதே.

செயலாக்கிய அளவோ சொற்பம். 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் இந்நோய்க்கான சோதனையை என்றேனும் செய்துகொண்டவர்கள் 1.9 சதவிகிதமே, தமிழ்நாடு இதில் முன்னணியில் நின்றும், 9.8 சதவிகிதத்தைத்தான் எட்டியிருந்தது. திண்டுக்கல் ஆராய்ச்சியிலே, ஊருக்குள் செவிலியர் வந்து, கட்டணமின்றிச் செய்தபோதுங்கூட, அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேரே வந்தார்கள். “எனக்கு ஒரு குறையும் இல்லையே, நான் எதற்குக் காட்ட வேண்டும்?” என்ற சொல்லுக்குள் உள்ள கூச்சமும் பயமும் செவிலியர் அனைவரும் அறிந்தவை. இது ஒழுக்கத்தைச் சோதிக்கும் சோதனை அன்று என்பதை, எண்களின் பலத்தோடு, அவர்கள் வாயிலாகவே ஊருக்குச் சொல்லவைக்க வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். 2010-இல் அரசாங்கம் தடுப்பூசி ஆராய்ச்சிகளை நிறுத்திவைத்ததால், இந்தியாவில் நடந்துவந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில் ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுவிட நேர்ந்தது. அவர்களை ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்ததில், 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றுக்கு எதிராக ஒரே தவணையே 95 சதவிகிதப் பாதுகாப்பு அளிப்பது 2021-இல் வெளியாயிற்று. உலகச் சுகாதார ஸ்தாபனம் மறு ஆண்டே ஒற்றைத் தவணையை அங்கீகரிப்பதற்கு இதுவும் ஓர் ஆதாரமாயிற்று. சிறுமிகளுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் இன்று முப்பதும் நாற்பதும் கடந்த பெண்களுக்கு, அவர்களிடம் முன்னமே தங்கிவிட்ட தொற்றை இது போக்காது. அவர்களுக்குச் சோதனையே வழி.

அந்தச் சோதனைக்கு யாரை முதலில் அழைப்பது என்பதில் திண்டுக்கல் கணக்கு நமக்கு ஒரு திசை காட்டுகிறது. நம் கிராமச் சுகாதார ஏற்பாடு பெண்ணைப் பெரும்பாலும் கர்ப்பிணியாகவும் தாயாகவுமே சந்திக்கிறது. கர்ப்பகாலப் பதிவு, பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி, குடும்பக்கட்டுப்பாடு என்று அவள் பெயர் ஏடேறும் சந்தர்ப்பங்கள் யாவும் பிள்ளைப்பேற்றைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. பிள்ளை பெறாதவளும், கணவனை இழந்தவளும், அவனை விட்டுப் பிரிந்தவளும் அந்த ஏடுகளில் இடம்பெறுவதில்லை. தொற்றின் வாய்ப்பு மிகுந்தவர்கள் என்று கண்டறியப்பட்டவர்களும் அவர்களே. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் 2021-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, கிருமிச் சோதனைக்கு வேண்டிய மாதிரியைப் பெண் தானே, தன் வீட்டு மறைவில், எடுத்துக்கொடுக்கலாம். முப்பது வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தாற் போதும். கிராம சுகாதார செவிலியரும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகப் போகும்போதே, அந்தச் சிறு குப்பியையும் தூரிகையையும் கொண்டுபோக முடியும். அவர்கள் கையிலிருக்கும் பட்டியலின் தலைப்பில் தாய்மார்களுக்கு முன்னே விதவைகளின் பெயர்களும், கைவிடப்பட்டவர்களின் பெயர்களும், பிள்ளையில்லாதவர்களின் பெயர்களும் எழுதப்பட வேண்டும் என்பதே, இந்தக் கணக்குகளை எல்லாம் படித்தபின், சுகாதார இலாகாவின் முன் நான் வைக்கும் கோரிக்கை.